வண்டியின் நெற்றியில் ஓர் அடையாளம்

காலை எட்டு மணியளவில் நம் ஊர்ச் சாலைகளில் நிற்போர் கண்ணில் ஒரு வண்ணம் விடாமல் வந்து விழும். அது மஞ்சள். பேருந்தாகவும் வேனாகவும் அடுத்தடுத்து வரும் அவ்வண்டிகளின் முன்னும் பின்னும் 'பள்ளி வாகனம்' என்ற எழுத்துகள் இருக்கும். பக்கவாட்டில் பள்ளியின் பெயரும் தொலைபேசி எண்ணும் காணப்படும். புத்தகப் பையைச் சுமந்து செல்லும் சிறுவனும் சிறுமியுமாக ஒரு படம் சிலவற்றில் வரையப்பட்டிருக்கும். நாள்தோறும் பார்ப்பதனாலேயே நாம் இவற்றைப் படிப்பதில்லை. படிக்காமல் விடுவதற்காகவா இவை எழுதப்பட்டன?

இவ்வெழுத்துகள் யாருக்காக எழுதப்பட்டவை என்று எண்ணிப் பார்ப்போம். உள்ளே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக அல்ல. தங்கள் பள்ளி எதுவென்று அவர்களுக்குத் தெரியும். வழியனுப்பி வைக்கும் தாய்க்காகவும் அல்ல. தன் பிள்ளை ஏறும் வண்டியை அவள் ஒலியைக் கொண்டே அறிவாள். முன்பின் அறியாத ஒருவருக்காகவே அவை எழுதப்பட்டுள்ளன. இரவு முழுவதும் கண்விழித்துப் பாரம் ஏற்றி வரும் லாரி ஓட்டுநர், அலுவலகத்துக்குத் தாமதமாகி விட்டதென்று பறக்கும் இளைஞர், வெளியூரிலிருந்து வந்து வழி தேடும் பயணி ஆகியோரை நோக்கி அந்தப் பலகை பேசுகிறது. "இதற்குள் இருப்பது சரக்கு அன்று; யாரோ பெற்ற பிள்ளைகள். அவர்களை நீர் அறியீர். எனினும் இந்த ஒரு நிமிடம் அவர்களுடைய உயிர் உம்முடைய கையிலும் இருக்கிறது" என்பதே அது சொல்லும் செய்தி.

அறியாத ஒருவரை நம்பி, நம் பிள்ளைகளுக்கு அவரைக் காவலராக நியமிக்கும் ஒரு விண்ணப்பமே அந்தப் பலகை. இதனை உணர்ந்தால், சாலையோரத்துச் சிறு செய்தியாகத் தோன்றும் இப்பொருளில் ஆழ்ந்த பொறுப்பொன்று அடங்கியிருப்பது விளங்கும்.

மஞ்சள் வந்த கதை

பள்ளி வண்டிக்கு மஞ்சள் பூசும் வழக்கம் அமெரிக்க நாட்டில் வேரூன்றியது. 1930-களில் அந்நாட்டுச் சிற்றூர்ப் பிள்ளைகள் கிடைத்த வண்டிகளிலெல்லாம் ஏறிப் பள்ளிக்குச் சென்றார்கள். பாரம் ஏற்றும் வண்டிகளும் குதிரை பூட்டிய வண்டிகளும் அவற்றில் அடங்கும். ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு வண்ணம். பிள்ளைகளுக்குத் தேசப்பற்று ஊட்ட வேண்டுமென்று தங்கள் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களை வண்டிக்குப் பூசியவர்களும் உண்டு.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் ஃபிராங்க் சைர், 1939 ஏப்ரலில் நியூயார்க் நகரில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். கல்வித்துறையினரும் வண்டி கட்டுவோரும் வண்ணக் கலவை வல்லுநரும் ஏழு நாள்கள் கூடிப் பேசினர். வண்டியின் உயரம், அகலம், இருக்கைகளுக்கு இடையிலான வழி என 44 அளவுகளை வகுத்தனர். வெளிர் எலுமிச்சை மஞ்சள் தொடங்கி அடர் செம்மஞ்சள் வரை பல சாயல்களைச் சுவரில் தொங்கவிட்டு, அவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர். வைகறையிலும் அந்தியிலும் ஒளி மங்கிய வேளையில் கறுப்பு எழுத்துகள் எடுப்பாகத் தெரிவது அந்த மஞ்சளின் மீதுதான் என்பதே அவர்கள் கண்ட காரணம். நேராகப் பாராமல் கடைக்கண்ணால் நோக்குபவரையும் மஞ்சள் விரைவில் ஈர்த்துவிடும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கொடியின் நிறங்களைப் பூசியவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் புகட்ட எண்ணினார்கள். மஞ்சளைத் தேர்ந்தவர்களோ, பாடம் பிள்ளைகளுக்கு அன்று, எதிரே வரும் பெரியவர்களுக்கே உரியது என்று கண்டார்கள். இந்த எண்ணத்தை அந்நாட்டுச் சட்டங்கள் மேலும் ஒரு படி உயர்த்தின. பள்ளிப் பேருந்து நின்று, சிவப்பு விளக்குகள் மின்னி, அதன் பக்கத்திலிருந்து 'நில்' என்னும் பலகை கைபோல நீளும்போது பின்னால் வருவோர் நின்றாக வேண்டும். நடுத்தடுப்பு இல்லாத சாலையில் எதிரே வருவோரும் நின்றாக வேண்டும். ஏன்? வண்டிக்குள் இருக்கும் பிள்ளையைவிட, இறங்கிச் சாலையைக் கடக்கும் பிள்ளைக்கே ஆபத்து மிகுதி என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். நம் சாலைகளிலோ, நிற்கும் பள்ளி வண்டியைக் கண்டால் ஒலிப்பானை அழுத்தியபடி முந்திச் செல்லும் பழக்கமே மேலோங்கி நிற்கிறது.

கண்ணீருக்குப் பின் வந்த விதிகள்

நம் நாட்டில் இவ்விதிகள் மாநாட்டு மேசைகளில் பிறக்கவில்லை. கல்லறைகளின் அருகில் பிறந்தன. 1997 நவம்பர் 18 அன்று டில்லியில் வசீராபாத் பாலத்திலிருந்து பள்ளிப் பேருந்து ஒன்று யமுனை ஆற்றில் வீழ்ந்தது. 28 பிள்ளைகள் மாண்டனர். டில்லிப் போக்குவரத்துத் தொடர்பாக வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்திருந்த வழக்கு அப்போது உச்சநீதிமன்றத்தில் இருந்தது. இரண்டே நாளில், நவம்பர் 20 அன்று, நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. டிசம்பரில் மேலும் ஆணைகள் வந்தன. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ஐந்தாண்டு அனுபவமுள்ள ஓட்டுநர், முன்னும் பின்னும் 'பள்ளி வாகனம்' என்ற எழுத்து, வாடகை வண்டியாயின் 'பள்ளிப் பணியில்' என்ற அறிவிப்பு, சன்னல் கம்பிகள், முதலுதவிப் பெட்டி, உடன் செல்லும் உதவியாளர் என்று இன்று நாம் அறிந்த ஒழுங்குகள் அந்த ஆணைகளாலும் அவற்றைத் தழுவி எழுந்த விதிகளாலும் நிலைபெற்றன.

தமிழகத்துக்கும் இத்தகைய ஒரு நாள் வந்தது. 2012 ஜூலை 25 அன்று சென்னையை அடுத்த தாம்பரம் பகுதியில், இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தான் பயணம் செய்த பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதனை வழக்காக எடுத்தது. அவ்வாண்டே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழக அரசு தனிச் சிறப்பு விதிகளை இயற்றியது. பள்ளி திறக்கும் முன்னர், மே மாதத்தில், மாவட்டந்தோறும் மஞ்சள் வண்டிகளை ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்தித் தளம், படிக்கட்டு, அவசரக் கதவு, தீயணைப்பான் ஆகியவற்றை அதிகாரிகள் சோதிப்பதை நாம் செய்தித்தாள்களில் காண்கிறோம். அந்தச் சோதனைக்குப் பின்னால் ஒரு சிறுமியின் மரணம் இருப்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்?

2022 மார்ச் மாதத்தில் சென்னையில் மற்றொரு சிறுவன், பள்ளி வளாகத்துக்கு உள்ளேயே, தன் பள்ளியின் வேன் மோதி இறந்தான். அதன் பின்னர் வண்டியின் முன்னும் பின்னும் கேமரா பொருத்தும் விதி வந்தது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில், இருப்புப்பாதைக் கடவையில் பள்ளி வேன் மீது பயணியர் தொடர்வண்டி மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள்.

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் ஓர் உண்மை நெஞ்சைச் சுடுகிறது. வெளியிலிருந்து வருவோரை எச்சரிக்கவே பலகை எழுதினோம். ஆனால் தளத்தில் இருக்கும் ஓட்டையைப் பலகை அடைப்பதில்லை. தன் வண்டியின் சக்கரத்தருகே நிற்கும் சிறுவனைப் பலகை ஓட்டுநருக்குக் காட்டுவதில்லை. ஓடிவரும் தொடர்வண்டியோ மஞ்சளைக் கண்டு நின்றுவிடுவதில்லை. அடையாளம், அதைப் படித்து நிற்கக் கூடியவரிடம் மட்டுமே பேசும். மற்ற இடங்களில் எல்லாம் யாரேனும் ஒரு மனிதர் விழித்திருக்க வேண்டும்.

ஓட்டுபவர் காணாத பலகை

பள்ளி விடும் நேரத்துக்குச் சற்று முன்பாக, வாயிலருகே காத்திருந்த வாடகை வேன் ஓட்டுநர் ஒருவரோடு ஒரு நாள் உரையாடிக் கொண்டிருந்தோம். ஐம்பதைக் கடந்தவர், பேச்சில் நிதானம் மிக்கவர். வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே இருந்த பலகையைச் சுட்டி, அதனால் சாலையில் ஏதேனும் பயனுண்டா என்று வினவினோம். அவர் சிரித்தார்.

"இருக்குதுங்க ஐயா. பத்துப் பேர்ல ரெண்டு பேர் பார்த்து வழி விடுவாங்க. ஆனா ஒண்ணு, அந்தப் பலகை ஊருக்கெல்லாம் தெரியும். ஓட்டுறவனுக்கு மட்டும் தெரியாது. ஏறி உட்கார்ந்துட்டா அது நம்ம கண்ணுல படாதுங்களே!"

பின்னர் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே ஒட்டியிருந்த சிறு தாளொன்றைக் காட்டினார். அதில் 17 என்ற எண் மட்டும் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. அவர் வண்டியில் வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை அது. "இது எனக்கு நானே எழுதிக்கிட்ட பலகைங்க. ஏத்தும்போது எண்ணுவேன், இறக்கும்போதும் எண்ணுவேன். வண்டியைப் பூட்டுறதுக்கு முன்னால பின் சீட்டு வரைக்கும் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டுத்தான் வருவேன். சின்னப் பிள்ளைங்க, அசந்து தூங்கிடும்" என்றார்.

எளிய மனிதர் ஒருவர் கூறிய அந்தச் சொல், நூல்கள் பல சொல்லக் கூடிய கருத்தை நமக்குத் தந்தது. எச்சரிக்கைப் பலகைக்கு இரண்டு முகங்கள் வேண்டும். வெளிமுகம் அறியாதவரை நோக்கிப் பேச வேண்டும். உள்முகம் சுமப்பவரை நோக்கிப் பேச வேண்டும். "இவர்கள் பிள்ளைகள், மெதுவாக வாருங்கள்" என்று உலகுக்கு எழுதிவிட்டு, நேரத்தை ஈடுகட்ட விரைந்து ஓட்டும் வண்டி, தன் நெற்றியில் பொய்யைச் சுமந்து செல்கிறது. இருக்கைக்கு மேல் பிள்ளைகளை அடைத்து ஏற்றும் வண்டியும் அத்தகையதே.

தனியார் மகிழுந்துகளின் பின்கண்ணாடியிலும் 'குழந்தை உள்ளே' என்னும் ஒட்டுப் படத்தைக் காண்கிறோம். குழந்தை வண்டியில் இல்லாத நாளிலும் அது இருக்கும். குழந்தை வளர்ந்து கல்லூரிக்குச் சென்ற பின்னும் இருக்கும். பள்ளிப் பேருந்துகளும் விடுமுறை நாளில் திருமண வீட்டாரையோ கூட்டங்களுக்குச் செல்வோரையோ ஏற்றிச் செல்வதுண்டு. இப்படி, உண்மையாக இல்லாத வேளைகளிலும் தொங்கிக் கொண்டிருக்கும் அடையாளத்தை மக்களின் கண் மெல்ல மெல்ல நம்பாமல் போகிறது. அடையாளம் மங்குவது வெயிலாலும் மழையாலும் மட்டும் அன்று. அதன் சொல்லை அதுவே காப்பாற்றாதபோதும் மங்குகிறது.

விவிலிய ஒளியில்

பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு அடையாளம் இடுவது நமக்குப் புதிதன்று. விடுதலைப் பயண நூலின் 12-ஆம் அதிகாரத்தில், இஸ்ரயேல் மக்கள் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தைத் தங்கள் வீட்டு நிலைக்கால்களில் பூசுகின்றனர். தலைப்பேறான பிள்ளைகளைக் காக்கும் பொருட்டு வீட்டின் நெற்றியில் இடப்பட்ட அடையாளம் அது. அதனோடு மற்றொரு கட்டளையும் சேர்ந்தே வருவதை நாம் பெரும்பாலும் மறந்து விடுகிறோம். விடியும் வரை எவரும் கதவைக் கடந்து வெளியே செல்லக் கூடாது என்பதே அது. வெளியே அடையாளம், உள்ளே கீழ்ப்படிதல். இரண்டும் சேர்ந்தபோதே அந்த இரவு பாதுகாப்பான இரவாயிற்று.

வேகத்தைப் பற்றியும் திருநூல் பேசுகிறது என்றால் வியப்பாக இருக்கும். தொடக்க நூலின் 33-ஆம் அதிகாரத்தில், நெடுங்காலப் பகைக்குப் பின் ஏசாவும் யாக்கோபும் சந்தித்துத் தழுவிக் கொள்கின்றனர். புறப்படுவோம், உடன் வருகிறேன் என்று அண்ணன் அழைக்கிறான். நானூறு ஆள்களுடன் வந்தவன் அவன். அவனுடைய நடையின் வேகம் வேறு. தம்பியோ பணிவுடன் மறுக்கிறான். பிள்ளைகள் இளையவர்கள், ஆடுமாடுகளும் குட்டிகளுடன் இருக்கின்றன. ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் தாங்கா. ஆகவே பிள்ளைகளின் நடைக்கு ஏற்ப நான் மெதுவாக வருகிறேன் என்கிறான். குலமுதல்வர் ஒருவர் வேகத்தை மறுத்த இக்காட்சியைப் பள்ளி வண்டி ஒவ்வொன்றிலும் ஓவியமாகத் தீட்டலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்பவர் பிள்ளைகளின் வேகத்தில் செல்ல வேண்டும்; அட்டவணையின் வேகத்தில் அன்று.

அந்த ஓட்டுநர் எண்ணிய 17-ஐ நினைக்கும்போது லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் நம் முன் வருகிறது. பாஸ்கா விழா முடிந்து திரும்பும் வழியில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் இயேசு பயணக் கூட்டத்தில் இருப்பார் என்று எண்ணிக் கொண்டே அன்னை மரியாவும் புனித சூசையும் ஒரு நாள் தொலைவு நடந்துவிட்டார்கள். திருக்குடும்பத்தில் குறை காண இதைச் சொல்லவில்லை. அவ்வளவு அன்பு நிறைந்த கண்களுக்கு முன்னும் ஒரு பிள்ளை கூட்டத்தில் மறையக்கூடும் என்பதற்காகவே சொல்கிறோம். 'கூட்டத்தில் இருப்பான்' என்ற எண்ணம் எவ்வளவு இயல்பானதோ அவ்வளவு ஆபத்தானது.

திருச்சபை நமக்கு ஏழு அருளடையாளங்களைத் தந்துள்ளது. தாம் குறித்துக் காட்டும் அருளைத் தாமே நிகழ்த்தும் அடையாளங்கள் அவை. நீர் தூய்மையைக் குறிக்கிறது, தூய்மையாக்கவும் செய்கிறது. வண்ணத்தால் எழுதிய பலகைக்கு அந்த ஆற்றல் இல்லை. அது குறித்துக் காட்டும்; அதை நிகழ்த்த வேண்டியவர் நாமே. திருமுழுக்கின்போது குழந்தையின் நெற்றியில் குருவும் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் சிலுவை அடையாளம் இடுகின்றனர். அந்தக் குழந்தைக்கு அன்று எதுவும் தெரியாது. இட்டவர்களே அந்த அடையாளத்தால் கடமைப்படுகிறார்கள். பள்ளி வண்டியின் நெற்றியில் எழுதியதும் எழுதியவரையும் படிப்பவரையும் அவ்வாறே கட்டுகிறது.

பலகை இல்லாத பிள்ளைகள்

இவ்வளவும் மஞ்சள் வண்டியில் செல்லும் பிள்ளைகளைப் பற்றியது. அதற்குக் கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளைகள் எதில் செல்கிறார்கள்? புத்தகப் பைகளும் சாப்பாட்டுப் பைகளும் இருபுறமும் தொங்க, ஓட்டுநரின் இருக்கையிலும் பாதி இடம் பிடித்து, ஆட்டோக்களில் நெருக்கிக் கொண்டு செல்கிறார்கள். தந்தையின் இருசக்கர வண்டியில் மூவராகச் செல்கிறார்கள். நடைபாதை இல்லாத சாலையின் ஓரத்தில் தம்பியின் கையைப் பற்றியபடி நடக்கிறார்கள். அவர்கள் நெற்றியில் எவரும் 'மெதுவாகச் செல்லுங்கள்' என்று எழுதவில்லை. சின்னஞ்சிறியவருள் ஒருவரையும் இழிவாக எண்ண வேண்டாம் என்று எச்சரித்த ஆண்டவர், அவர்களுடைய வானதூதர்கள் தந்தையின் திருமுகத்தை எப்போதும் காண்கிறார்கள் என்றார். மஞ்சள் வண்டிப் பிள்ளைகளுக்கு மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை.

கத்தோலிக்கப் பள்ளிகள் பல வண்டிகளை இயக்குகின்றன. நம் பங்கு மக்களில் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். உதவியாளராகப் பணிபுரியும் தாய்மார்கள் இருக்கிறார்கள். நாள்தோறும் பிள்ளைகளை ஏற்றி அனுப்பும் பெற்றோர் இருக்கிறார்கள். ஆகவே இது நம் வீட்டுச் செய்தி. நாம் செய்யத்தக்கவை பெரிய செயல்கள் அல்ல. பெற்றோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிள்ளை செல்லும் வண்டியின் உள்ளே ஏறித் தளத்தையும் கதவையும் அவசர வழியையும் தம் கண்ணால் பார்க்கலாம். பள்ளி நிர்வாகம், தாமதமாக வந்த ஓட்டுநரைக் கடிந்து கொள்ளுமுன், அவருக்குக் கொடுத்த நேரம் போதுமானதா என்று கேட்கலாம். விரட்டப்படும் ஓட்டுநரே விரட்டி ஓட்டுகிறார். ஏற்றும்போதும் இறக்கும்போதும் எண்ணும் வழக்கத்தை ஒவ்வொரு வண்டியிலும் கட்டாயமாக்கலாம். ஆயுத பூசை நாளில் ஓட்டுநர்கள் தங்கள் வண்டிகளுக்கு மாலையிட்டு மகிழ்வதுபோல, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பங்குதோறும் ஒரு ஞாயிறன்று ஓட்டுநர்களையும் உதவியாளர்களையும், அவர்கள் எச்சமயத்தவராயினும், அழைத்து நன்றி கூறி இறையாசி வேண்டலாம். பிள்ளைகளைச் சுமப்பவருக்குத் தம் பணியின் மதிப்பை எடுத்துச் சொல்ல அதைவிடச் சிறந்த வழி இல்லை.

சாலையில் செல்லும் நாம் ஒவ்வொருவரும், நிற்கும் மஞ்சள் வண்டியைக் கண்டால் சற்றே நிற்கப் பழகலாம். சட்டம் அஞ்சவைக்கும் முன்பே அன்பு நிற்கவைக்கட்டும். ஆட்டோவில் நெருங்கிச் செல்லும் பிள்ளையையும், சாலையோரம் நடக்கும் பிள்ளையையும், பலகை இருப்பதாகவே எண்ணிக் கடந்து செல்வோம். ஒரு குழந்தையைத் தம் நடுவில் நிறுத்தி, அதனை ஏற்பவர் தம்மையே ஏற்பதாகச் சொன்ன நம் ஆண்டவர், ஒவ்வொரு காலையும் நம் சாலைகளிலும் அக்குழந்தைகளை நம் நடுவே நிறுத்துகிறார். அவர்களுக்கு வழிவிடும் அந்த ஒரு நிமிடத்தில் நம் பயணம் தாமதமாகலாம். நம் வாழ்வு வீணாவதில்லை.